பூட்டிய மருத்துவமனைக்குள் ஒரு படக்கருவி



எங்கள் வீட்டில் ஒரு பழைய கல்யாணப் படம் இருக்கிறது. என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிய அன்று, கோயில் வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். உறவினர்கள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். பின்வரிசையில் பாட்டிக்குப் பக்கத்தில், ஒரு முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கிறது. யாரோ கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். சிறுமியாக இருந்தபோது, “இது யார் பாட்டி?” என்று கேட்பேன். பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அது என் அத்தை, அப்பாவின் அக்காள். நான் பிறப்பதற்கு முன்பே அவருக்கு மனம் கலங்கிப்போய், மருத்துவமனைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அங்கேயே சில ஆண்டுகள் இருந்து இறந்தும் போனார். அப்பா இதை என்னிடம் சொன்னது தம் கடைசிக் காலத்தில்தான்.

இன்று நான் பேச வந்தது தூர தேசத்து விஷயம். அமெரிக்காவில் மூடிக் கிடக்கும் மனநல மருத்துவமனைகளின் உட்புறத்தைப் படம் பிடித்தவர்களைப் பற்றியது. அதற்கு ஏன் எங்கள் வீட்டுப் படத்தைச் சொன்னேன் என்பது முடிவில் உங்களுக்கே விளங்கும்.

முதலில் அந்த மருத்துவமனைகள் எப்படித் தோன்றின என்று பார்ப்போம்.

1841ஆம் ஆண்டு, மசாசூசெட்ஸ் மாநிலத்தில் டொரோதியா டிக்ஸ் என்ற பள்ளி ஆசிரியை, சிறைச்சாலையில் இருந்த பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் நடத்தப் போனார். அங்கே எந்தக் குற்றமும் செய்யாத, மனநோய் கண்ட பெண்கள், கடும் குளிரில் நெருப்பு வசதிகூட இல்லாத அறைகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கு மனநோயாளிகள் பலருக்குக் கிடைத்த இடங்கள் சிறையும், ஏழைகளை வைக்கும் அனாதை விடுதியும்தான். சிலரைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். டிக்ஸ் அம்மையார் ஊர் ஊராகச் சென்று கண்ணால் கண்டதை எழுதி, 1843இல் சட்டமன்றத்துக்கு மனு அனுப்பினார். பிறகு மாநிலம் மாநிலமாகப் போய் வாதாடினார். அவருடைய முயற்சியால் நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரில் 1848இல் ஒரு மருத்துவமனை திறந்தது. அதன் பின் இன்னும் பல எழுந்தன.

அவற்றுள் பெரும்பாலானவற்றை எப்படிக் கட்ட வேண்டும் என்று வகுத்தவர் தாமஸ் ஸ்டோரி கிர்க்பிரைடு என்ற மருத்துவர். 1854இல் அவர் எழுதிய நூல் பல ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்தது. நோயாளி தங்கும் கட்டடமே மருந்தாக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நடுவில் நிர்வாகக் கட்டடம் இருக்கும். அதன் இரு புறமும் படுக்கைக்கூடங்கள் வௌவாலின் சிறகுகளைப்போல, ஒன்றுக்கு ஒன்று சற்றுப் பின்வாங்கி நீளும். அப்படி அமைத்தால் ஒவ்வொரு கூடத்துக்கும் இரு பக்கமும் வெளிச்சமும் காற்றும் வரும். ஒரு மருத்துவமனையில் 250 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் அவர் எழுதினார். சுற்றிலும் தோட்டமும் வயலும் இருக்க வேண்டும். நோயாளிகளை அடிக்காமல், மரியாதையோடு நடத்த வேண்டும் என்றார். பார்த்தீர்களா நேயர்களே? தொடக்கத்தில் இவை கருணையால் எழுந்த கட்டடங்கள்.

பிறகு என்ன நடந்தது? 250 பேர் என்ற கணக்கு நிற்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் செனெக்கா என்ற ஏரிக்கரையில் வில்லார்டு மருத்துவமனை 1869இல் திறந்தது. குணமாகாதவர்கள் என்று கைவிடப்பட்டவர்களை அனாதை விடுதிகளிலிருந்து மீட்டுக் கொண்டுவருவதற்காகவே அதைக் கட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் அங்கே 1,500 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். அது மூடப்பட்ட 1995ஆம் ஆண்டு வரையில் 50,000க்கும் மேற்பட்டோர் உள்ளே போனார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அங்கேயே இறந்தார்கள்.

அந்த மருத்துவமனைகளின் வாழ்க்கையை நம் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது கடினமல்ல. நம் தோட்டத்தில் லயம், கோயில், பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை, மருந்தகம், சுடுகாடு என்று எல்லாம் ஒரே எல்லைக்குள் இருந்தன அல்லவா? அங்கும் அப்படியே. மாட்டுப்பண்ணை, ரொட்டி சுடும் இடம், தையற்கூடம், செருப்புத் தைக்கும் இடம், சலவைச்சாலை, நாடக மேடை, இடுகாடு எல்லாம் வேலிக்குள்ளேயே இருந்தன. வயலில் உழுதவர்களும் துணி தைத்தவர்களும் நோயாளிகளே. வேலை செய்வது மனத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் செய்த வேலைக்குக் கூலி கிடையாது. 1973இல்தான், மருத்துவமனைக்குப் பயன்படும் வேலையைச் செய்யும் நோயாளிக்கும் கூலிச் சட்டம் பொருந்தும் என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. கூலி கொடுப்பதைவிட வேலையை நிறுத்துவது எளிது என்று பல மருத்துவமனைகள் கண்டன. வயல்கள் தரிசாயின. கையில் வேலையில்லாத நோயாளிகள் நடைக்கூடங்களில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கு முன்பே இந்த நிறுவனங்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன. 1955இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் 550,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில்தான் குளோர்புரோமசின் என்ற மருந்து அங்கே பயன்பாட்டுக்கு வந்திருந்தது. கொந்தளிக்கும் மனத்தை அடக்கும் மருந்து அது. வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெறலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1963இல் அதிபர் கென்னடி, நோயாளிகளுக்கு அவரவர் ஊரிலேயே மனநல நிலையங்கள் அமைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரிய மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. வீடு திரும்பி நல்லபடி வாழ்ந்தவர்கள் பலர். ஆனால் சொன்ன அளவுக்கு ஊர் நிலையங்கள் எழவில்லை. போக்கிடம் இல்லாமல் தெருவுக்கும் சிறைக்கும் போனவர்களும் பலர். டிக்ஸ் அம்மையார் எங்கே தொடங்கினாரோ, அங்கேயே சிலர் திரும்பிப் போனார்கள் என்பது வருந்தத்தக்க உண்மை.

இப்படிக் காலியான கட்டடங்களுக்குள்தான் படம் பிடிப்பவர்கள் நுழைந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் படக்கழகம் நடத்தும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு நல்ல படங்களைக் காட்ட வேண்டுமே என்று தேடியபோது, கிறிஸ்டோபர் பெய்ன் என்பவரின் படங்களைப் பார்த்தேன். அவர் கட்டடக்கலை படித்தவர். 2002 முதல் ஆறு ஆண்டுகள், 30 மாநிலங்களில் 70 மருத்துவமனைகளுக்குப் போய்ப் படம் எடுத்தார். அவை 2009இல் நூலாக வந்தன. ஆலிவர் சாக்ஸ் என்ற புகழ்பெற்ற மருத்துவர் அதற்கு முன்கட்டுரை எழுதியிருக்கிறார்.

நூலில் ஒரு படம். ஹட்சன் ரிவர் அரசு மருத்துவமனையில் எடுத்தது. ஓர் அலமாரியில் பல் துலக்கும் பிரஷ்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் உரியவர் பெயர் எழுதியிருக்கிறது. பிரஷ்கள் இருக்கின்றன, பெயர்கள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இப்படிப்பட்ட படத்தை எப்படி எடுக்கிறார்கள்? அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். உங்கள் கைப்பேசியில் படம் எடுக்கவும் இது உதவும்.

மின்சாரம் துண்டித்த கட்டடத்தில் விளக்கு எரியாது. சன்னல் வழியே வரும் வெளிச்சம் மட்டுமே உண்டு. நண்பகல் வெயிலில் பெரட்டுக் களத்திலிருந்து லயத்து அடுப்படிக்குள் நுழைந்தால் முதலில் கண் இருட்டும். சற்றுப் பொறுத்தால் பானையும் விறகும் தெரியும். கண் தன்னைச் சரி செய்துகொள்கிறது. படக்கருவிக்கு அந்தத் திறமை குறைவு. ஆகவே அதன் கதவை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டும்.

பால்மரம் சீவியவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கோடு போட்டதும் பால் கொட்டிவிடுமா? சொட்டுச் சொட்டாக வடிந்துதான் மங்கு நிறையும். வெளிச்சமும் அப்படித்தான். இருட்டு அறையில் அது சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. பத்து விநாடி, சில வேளை சில நிமிடங்கள்கூடக் காத்திருந்தால்தான் படம் நிறையும். அவ்வளவு நேரம் கையில் பிடித்தால் படம் ஆடிவிடும். எனவே முக்காலி அவசியம். மூச்சுக்கூடப் படாமல் இருக்க, தூரத்திலிருந்து கம்பியால் அழுத்துவார்கள். இப்படி நீண்ட நேரம் திறந்திருக்கும் கருவியின் முன் ஒருவர் விரைவாக நடந்து போனால், அவர் படத்தில் பதியவே மாட்டார். நின்றது மட்டுமே பதியும்.

மின்வெட்டு விளக்கைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். அது அருகில் உள்ளதைச் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். தூரத்தில் உள்ளதைக் கறுப்பாக்கும். காற்றில் பறக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அறையில் வாழ்ந்தவர் பார்த்த வெளிச்சம் அது அல்ல. சன்னல் வெளிச்சத்தில்தான் அவர் காலையும் மாலையும் கழிந்தன. அதே வெளிச்சத்தில் எடுப்பதே முறை. மேகம் மூடிய நாளில் வெளிச்சம் மென்மையாகப் பரவும். அப்போது எடுத்தால் சன்னல் கண்ணைக் கூசாது, மூலையும் இருண்டு போகாது.

இன்னொரு விஷயம் கோடு. பால்மரத்தடியில் நின்று அண்ணாந்து படம் எடுத்தால், மரங்கள் மேலே ஒன்றோடொன்று சாய்ந்து சேர்வதுபோலத் தெரியும். கட்டடமும் அப்படித் தெரிந்தால், பார்ப்பவருக்கு அது இடிந்து விழுவதுபோல ஒரு பயம் வரும். பெய்ன் பயன்படுத்தியது நாலுக்கு ஐந்து அங்குல அளவில் தாள்தாளாகப் பிலிம் போடும் பெரிய கருவி. கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, பின்புறக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். அதில் கருவியைச் சாய்க்காமலே வில்லையை மட்டும் மேலே ஏற்ற முடியும். சுவர் நேராக நிற்கும். நம் கைப்பேசியில் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்து, சற்றுப் பின்னால் போய் எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்தப் படங்களில் சுவரெல்லாம் சாயம் உரிந்து, காய்ந்த இலைபோலச் சுருண்டு தொங்கும். பலர் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. குளிர் நாட்டில் கட்டடத்துக்குள் சூடு மூட்டுவதை நிறுத்தினால், சுவரில் ஊறிய நீர் பனிக்காலத்தில் உறைகிறது. உறையும் நீர் விரியும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். விரிந்து சாயத்தைத் தள்ளுகிறது. கோடையில் உருகி மறுபடியும் ஊறுகிறது. சில ஆண்டுகள் இப்படி நடந்தால் சுவர் தோலுரிந்துவிடும்.

பேய் இல்லை என்றேன். ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. கூரை ஒழுகிய இடத்தில் பலகைத் தளம் உளுத்துப் போயிருக்கும். கால் வைத்தால் கீழ்மாடியில் விழ வேண்டியதுதான். பழைய சாயத்தில் ஈயம் இருக்கும். சூட்டுக் குழாய்களைச் சுற்றிக் கல்நார் இருக்கும். அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்தும் நோய் வரும். புறா எச்சமும் மார்புக்குக் கேடு. ஆகவே உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, துணைக்கு ஆள் சேர்த்து, தகுந்த முகமூடியும் கெட்டிக் காலணியும் அணிந்துதான் போக வேண்டும். ‘வேலி ஏறிக் குதித்தேன், இரவில் படுத்தேன்’ என்று பெருமை பேசும் இளைஞர்களைப் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். அவர்கள் செய்வது வீரம் அல்ல என்று பெற்றோர் எடுத்துச் சொல்ல வேண்டும். அனுமதியின்றி நுழைவது குற்றமும் ஆகும்.

அனுமதியும் முகமூடியும் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. மரியாதையும் வேண்டும். சிலர் உடைந்த சக்கர நாற்காலியை எங்கிருந்தோ இழுத்து வந்து, நடைக்கூடத்தின் நடுவில் வெளிச்சம் விழும் இடத்தில் வைத்து எடுப்பார்கள். தரையில் ஒரு பொம்மையைப் போடுவார்கள். பார்ப்பவர் உடல் சிலிர்க்கும். ஆனால் அது பொய். அந்தப் பொய் என்ன செய்கிறது தெரியுமா? மனநோய் என்றாலே திகில், மனநோயாளி என்றாலே பேய் என்ற எண்ணத்தை வளர்க்கிறது. அதனால் நோய் கண்டவர் மருத்துவரிடம் போக அஞ்சுகிறார், குடும்பத்தார் மறைக்கிறார்கள். கிடந்த பொருளைக் கிடந்த இடத்தில் எடுப்பதும், எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும், சிதறிக் கிடக்கும் நோயாளிக் குறிப்புகளைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டாமல் இருப்பதும் நேர்மையான படக்காரரின் கடமை.

அப்படியானால் பெயர்களை மறைப்பதுதான் மரியாதையா, சொல்வதுதான் மரியாதையா? இது கடினமான கேள்வி. இதற்கு நான் மூன்று செய்திகள் சொல்கிறேன்.

முதலாவது, பெட்டிகளின் கதை. வில்லார்டு மருத்துவமனை 1995இல் மூடப்பட்டபோது, ஒரு கட்டடத்தின் மேல்மாடத்தில் 400க்கும் மேற்பட்ட பெட்டிகளை ஊழியர்கள் கண்டார்கள். உள்ளே வந்த நாளில் நோயாளிகள் கையில் கொண்டுவந்த பெட்டிகள் அவை. தோல் பெட்டி, டிரங்குப் பெட்டி, கூடை எனப் பல வகை. வந்த அன்றே வாங்கி மேலே வைத்துவிட்டார்கள். பலர் வெளியே வரவே இல்லை. பெட்டியைக் கேட்கவும் யாரும் வரவில்லை. உள்ளே குடும்பப் படங்கள், கடிதங்கள், ஊசி நூல், கடிகாரம், நல்ல உடுப்புகள் இருந்தன. நாலு நாளில் திரும்பிவிடுவோம் என்று நினைத்தவர் அடுக்கியதுபோல இருந்தன. நியூயார்க் மாநில அரும்பொருளகம் அவற்றைக் காப்பாற்றி, 2004இல் கண்காட்சி நடத்தியது. ஜான் கிறிஸ்பின் என்ற படக்காரர் 2011 முதல் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து படம் எடுத்தார். ஆனால் நோயாளிகளின் முழுப்பெயரை வெளியிட மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. முதல் பெயர் மட்டும் சொல்லி, குடும்பப்பெயரை மறைக்க வேண்டியதாயிற்று. அந்தரங்கத்தைக் காப்பது நல்ல சட்டமே. ஆயினும் பாதிப் பெயரோடு ஒருவரை நினைப்பது எப்படி என்று அவர் வருந்தினார்.

இரண்டாவது, அஸ்திக் கலங்கள். ஓரிகன் மாநிலத்தின் மனநல மருத்துவமனையில், இறந்த பிறகு யாரும் வந்து கேட்காத நோயாளிகளின் சாம்பலைச் செப்புக் கலங்களில் அடைத்து வைத்திருந்தார்கள். சுமார் 3,500 கலங்கள். அவற்றை வைத்த அறைக்குள் ஒரு காலத்தில் தண்ணீர் புகுந்ததால், செம்பு களிம்பேறி நீலமும் பச்சையுமாகப் பூத்துவிட்டது. டேவிட் மைசல் என்பவர் அவற்றை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து 2008இல் நூலாக்கினார். 2004இல் சட்டமன்ற உறுப்பினர்கள் அந்த அறையைப் பார்த்து அதிர்ந்தார்கள், செய்தித்தாள்கள் எழுதின. பிறகு அரசே பெயர்களை வெளியிட்டது. பேரப்பிள்ளைகளும் தூரத்து உறவினர்களும் தேடி வந்து, நூற்றுக்கணக்கான கலங்களை வாங்கிப் போனார்கள். மீதமிருந்தவர்களுக்காக 2014இல் பெயர்கள் பொறித்த நினைவிடம் எழுந்தது. அஸ்தியைக் கரைக்காமல் வைத்திருந்தால் நம் வீட்டில் யாருக்கும் உறக்கம் வருமா? அங்கே அது பல பத்தாண்டுகள் அலமாரியில் இருந்தது. இங்கே பெயரைச் சொன்னதால்தான் அவர்களுக்கு வீடு கிடைத்தது.

மூன்றாவது, ஒரு குழி வெட்டியின் கதை. வில்லார்டு மருத்துவமனையின் இடுகாட்டில் 5,700க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தலைமாட்டில் பெயர் இல்லை, எண் மட்டுமே. லாரன்ஸ் மோக்கா என்ற நோயாளி பல ஆண்டுகள் அங்கே குழி வெட்டினார். 1,500க்கும் மேற்பட்ட குழிகள். 1968இல் இறந்தபோது அவரையும் அங்கேயே, பெயரில்லாமல் புதைத்தார்கள். அவருக்குப் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்று ஊரார் சிலர் பல ஆண்டுகள் அரசிடம் மன்றாடினார்கள். உறவினரைத் தேடிப் பிடித்து ஒப்புதல் வாங்கிய பின், 2015இல் அவர் பெயரோடு நினைவுக்கல் நின்றது.

இம்மூன்றையும் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. உயிரோடு இருப்பவரின் நோயை அவர் அனுமதியின்றி ஊருக்குச் சொல்வது தவறு. ஆனால் இறந்தவரின் பெயரையே அழித்துவிடுவது அவரைக் காப்பது ஆகாது. அதனால் மறைவது நம் வெட்கம் மட்டுமே.

அந்தக் கட்டடங்களில் பல இன்று இல்லை. மசாசூசெட்ஸில் 1878இல் திறந்த டான்வர்ஸ் மருத்துவமனையின் பெரும்பகுதியை 2006ஆம் ஆண்டு முதல் இடித்துக் குடியிருப்புகள் கட்டினார்கள். நியூ ஜெர்சியின் கிரேஸ்டோன் பார்க் மருத்துவமனையின் முதன்மைக் கட்டடம் 2015இல் இடிந்தது. பஃபலோ நகரத்துக் கட்டடம் நல்லூழ் பெற்றது. அதன் ஒரு பகுதி 2017இல் தங்கும் விடுதியாயிற்று. இடிந்தவற்றுக்கு இன்று சாட்சி அந்தப் படங்கள்தாம்.

நேயர்களே, இனி நம் பக்கம் வருவோம். நம் நாட்டில் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற ஊர்ப் பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் வகுப்பிலேயே, “உன்னை அங்கே அனுப்ப வேண்டும்” என்று ஒருவனை ஒருவன் கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த மருத்துவமனை 1911இல் திறந்தது. அது மூடிக் கிடக்கும் கட்டடம் அல்ல. பகாகியா மருத்துவமனை என்ற பெயரில் இன்றும் சிகிச்சை தருகிறது. பகாகியா என்றால் மகிழ்ச்சி. அங்கே போய் மருந்து வாங்கிக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. மனத்துக்கு வரும் நோயும் இரத்த அழுத்தத்தைப்போல, நீரிழிவைப்போல ஒரு நோயே. மருத்துவரைப் பார்த்தால் பெரும்பாலும் அடங்கும். உறக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், காதில் யாரோ பேசுவதுபோலக் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், பூசாரியிடம் மட்டும் போய் நின்றுவிடாதீர்கள். அருகில் உள்ள அரசு மருந்தகத்துக்கும் அழைத்துப் போங்கள்.

மற்றொரு வேண்டுகோள். நம் தோட்டங்களில் பலவும் துண்டாடப்பட்டன, வீடமைப்புக்கு விற்கப்பட்டன. லயங்கள் காலியாகின்றன. இடிக்கும் இயந்திரம் வருவதற்கு முன் ஒரு நாள் போய்ப் படம் எடுத்து வையுங்கள். அடுப்பு இருந்த மூலை, சாமிப் படம் மாட்டிய ஆணி, பிள்ளைகளின் உயரத்தைக் கரியால் கோடிட்ட சுவர், மழையில் நனையாமல் மங்கு அடுக்கிய இடம். காலையில் அல்லது மேகம் மூடிய நேரத்தில், கைப்பேசியைச் சன்னல் திட்டிலோ நாற்காலியிலோ நிலையாக வைத்து எடுங்கள். எடுத்ததோடு நிற்காதீர்கள். அந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்த ஆண்டு வந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பெயர் எழுதாத படம், ஐம்பது ஆண்டு கழித்து யாருக்கும் உறவில்லாத படமாகிவிடும்.

அந்தப் பிரஷ் படத்தைப் பார்த்த இரவு, நான் எங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தேன். வெட்டியெடுத்த முகத்தை இனி யாரும் கொண்டுவர முடியாது. ஓட்டைக்குக் கீழே அத்தையின் கை மட்டும் தெரிகிறது. பாட்டியின் தோளைப் பிடித்திருக்கிறது. அந்தக் கையை நான் அதுவரை கவனித்ததே இல்லை. வெட்டியவர் அதை விட்டுவிட்டார், அல்லது வெட்ட மனம் வரவில்லை. அப்பாவின் பழைய தாள்களில் அத்தையின் பிறப்புப் பத்திரம் இருந்தது. அதைப் பார்த்து, படத்தின் பின்புறம் அவர் பெயரையும் பிறந்த ஆண்டையும் பென்சிலால் எழுதினேன். என் மகள் பக்கத்தில் வந்து, “யாரும்மா இது?” என்று கேட்டாள். இந்த முறை யாரும் எழுந்து அடுப்படிக்குப் போகவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். பெயரை எழுதி வையுங்கள்.